மலைநாட்டுப் பிரசவப் பை

பிறக்கப் போகிற குழந்தைக்கென்று முன்கூட்டியே சட்டை தைத்து வைப்பதும் தொட்டில் வாங்கிப் போடுவதும் ஆகாது என்பது நம் வீட்டுப் பாட்டிமார்களின் தீர்மானமான அபிப்பிராயம். கேட்டால், கண்ணேறு படும் என்பார்கள். ஆசையோடு எடுத்து வைத்த துணி, வெறுங்கையோடு வீடு திரும்புகிற ஒருத்தியின் கண்ணில் பட நேர்ந்தால் அந்த வேதனையைத் தாங்க முடியாது என்கிற உண்மையான காரணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரசவ அறைக்குள் போன தாயும் சிசுவும் க்ஷேமமாகத் திரும்புவது தெய்வச் செயல் என்று கருதப்பட்ட ஒரு காலம் விட்டுச் சென்ற பயம் அது; அதைப் பரிகசிப்பதற்கில்லை. ஆனாலும், கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு பெண் அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்து, வலி கண்ட பிறகே பையைத் தேடினாலும் பெரிய சங்கடம் ஒன்றும் நேர்ந்துவிடாது. விட்டுப்போன சாமானை ஆஸ்பத்திரி வாசலிலுள்ள கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நீலகிரி மலையில் இருக்கிறவளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. இங்கே பிரசவப் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் குளிரும் சாலையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

சாலையை முதலில் சொல்லிவிடலாம். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,350 அடி உயரத்தில் இருக்கிறது; குன்னூர் 6,000 அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது; கூடலூரோ இவற்றுக்கெல்லாம் கீழே, மலையின் மேற்குச் சரிவில், உதகையிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. இந்த ஊர்களுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும், படகர்களின் ஹட்டிகளும், தோடர்களின் மந்துகளும், வனத்தை ஒட்டிய ஆதிவாசிக் குடியிருப்புகளும் சரிவுக்கு ஒன்றாகச் சிதறியிருக்கின்றன. தோட்டத்து மண்பாதையில் ஜீப்பில் குலுங்கி இறங்கி, தார்ச்சாலையைப் பிடித்து, வளைவுக்கு வளைவு ஒலிப்பான் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைச் சேருவதற்குள், சமவெளியில் கால் மணியில் கடக்கிற தூரம் இங்கே முக்கால் மணியை விழுங்கிவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கமானால் இரவில் யானை வழிவிட்ட பிறகுதான் வண்டி நகரும். குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டு, அதைச் சேர்ந்த 700 படுக்கை மருத்துவமனையும் 2025 ஏப்ரலில் திறப்பு விழாக் கண்டது. அதற்கு முன்பெல்லாம் சிக்கலான கேஸ் என்று தெரிந்தால் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்கிவிடுவதே வழக்கமாயிருந்தது. மலையிறங்கும் வண்டியில் வலியோடு படுத்திருந்து வந்த கதையைச் சொல்லக்கூடிய தாய்மார்கள் இங்கே அநேகம் பேர்.

மழைக்காலத்தில் சாலையே இல்லாமற் போவதும் உண்டு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மலைச்சரிவுகள் இடிந்து வீடுகளின் மேல் விழுந்து, நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. அந்த நாட்களிலும் நிறைமாதப் பெண்கள் இந்த மலையில் இருந்தார்கள்.

பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு பெண்மணிகள், 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானிப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவது மலையின் கையில் இருக்கிறது. மூன்றாவது சர்க்காரின் கையில் இருக்கிறது. முதலாவது ஒன்றுதான் வீட்டாரின் கையில் இருப்பது. நள்ளிரவில் வலி எடுத்தபோது, அட்டை எங்கே, ஆதார் எங்கே, கம்பளி எந்தப் பெட்டியில் என்று அலமாரியைக் குடைந்துகொண்டு, "விடியட்டும், பொறுத்துப் பார்க்கலாம்" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்கிற குடும்பத்துக்கும், கதவோரம் கட்டி வைத்த பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிற குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிஷத்தோடு முடிவதில்லை. ஆகவே சமவெளியில் ஒன்பதாம் மாதம் கட்டுகிற பையை மலையில் எட்டாம் மாதம் முடியுமுன்பே கட்டிவிடுவது நலம்.

இந்தக் காலத்துப் பெண்கள் கைப்பேசியைத் திறந்தால் பட்டியல்களுக்குக் குறைவில்லை. அவற்றை எழுதியவர்கள், உஷ்ணம் சீராக வைக்கப்பட்ட அறையையும், வாசல்வரை வந்து நிற்கும் காரையும், கணவன் பக்கத்தில் உட்கார இருக்கும் நாற்காலியையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள். வாசனைத் தைலம், இசை கேட்கும் கருவி, முகத்துக்குப் பூசும் களிம்பு என்று போகிற அந்தப் பட்டியலில், ஜனவரி மாதத்து உறைபனி இரவில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துணைக்குப் படுக்கப் போகிற மாமியாருக்கு ஒரு கம்பளி வேண்டும் என்கிற விஷயம் இராது.

மலைநாட்டுப் பையை அடுக்குவதில் மேலே எது, அடியில் எது என்பதே முக்கியம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதிலுள்ள மருத்துவ உதவியாளருக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி உண்டு, கருவிகளும் வண்டியில் உண்டு. வழியிலேயே, ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவோரம் வண்டியை நிறுத்திக் குழந்தையைக் கையில் வாங்குவது அவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் பிரசவமும் மூன்றாம் பிரசவமும் முதலாவதைப்போல் நிதானமாக நடப்பதில்லை என்பதால், முன்பே பெற்றவர்கள் இதை இன்னும் கவனத்தில் வைக்க வேண்டும். ஆகையால், பையைத் திறந்தவுடன் கைக்கு அகப்பட வேண்டியவை நன்றாக வெளுத்து வெயிலில் காய்ந்த நாலைந்து பருத்தித் துணிகள், குழந்தைக்கு ஒரு தொப்பி, தாய்க்கு ஒரு சால்வை. இவற்றை ஒரு தனிப் பிளாஸ்டிக் உறையில் இட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டால், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில்கூட எடுத்துக் கொடுக்கலாம்.

இத்தனை அவசரம் எதற்காக என்றால், பிறந்த சிசு ஈரத்தோடு வருகிறது. முப்பத்தேழு டிகிரி உஷ்ணமுள்ள கருப்பையில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு, திடீரென்று குளிர்ந்த காற்றில் நனைந்த உடம்போடு விழுகிற குழந்தை, உடனே துடைக்கப்படாவிட்டால் முதற் பத்து இருபது நிமிஷத்துக்குள்ளாகவே இரண்டு முதல் நான்கு டிகிரி வரை உஷ்ணத்தை இழந்துவிடக்கூடும். பெரியவர்களைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. முதுகிலும் தோளிலும் சேமித்து வைத்திருக்கும் ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் சொற்பம். உடம்பின் அளவுக்குத் தலை பெரிதாயிருப்பதால் தலை வழியே வெளியேறும் சூடும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஊட்டியில் சித்திரை மாதத்து நண்பகலில்கூட அந்த உஷ்ணம் அபூர்வம். பெரிய ஆஸ்பத்திரிகளில் சூடேற்றும் கருவி உண்டு. வண்டியிலும், வராந்தாவிலும், வீடு திரும்பும் வழியிலும் இருப்பவை துணியும் தாயின் மார்பும்தான்.

தாயின் மார்பு என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. தென்னமெரிக்காவில், கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதாமையால், 1970-களின் பிற்பகுதியில் எட்கர் ரே, ஹெக்டர் மார்த்தினெஸ் என்னும் இரு வைத்தியர்கள் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிடும் முறையை ஆரம்பித்தார்கள். கங்காரு முறை என்று இன்று உலகமெங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்குப் பையில் வேண்டியது ஒன்றே: முன்பக்கம் முழுவதும் திறக்கக்கூடிய நைட்டியோ ரவிக்கையோ. தலைவழியே போட்டுக் கழற்றுகிற ஸ்வெட்டர் அந்த நேரத்துக்கு உதவாது. பொத்தான் வைத்த ஸ்வெட்டரே வேண்டும். குழந்தையைத் துடைத்து, தொப்பி போட்டு, தோலோடு தோலாக மார்பில் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்து ஒரே கம்பளியால் மூடுவது மலைநாட்டில் நெருப்பு மூட்டுவதைவிடப் பத்திரமான காரியம்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். குளிருக்குக் கரிக்கணப்பு மூட்டி அறைக்குள் வைப்பது இந்த மலையில் பழைய பழக்கம். கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் எரிகிற கரி கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவை விடுகிறது. வாசனையும் இல்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. தங்கும் அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விடிந்தபோது எழுந்திராத செய்தியை மலைவாசஸ்தலங்களில் இருப்பவர்கள் கேள்விப்படாமல் இருக்க முடியாது. பச்சைக் குழந்தை இருக்கிற அறையில் அதற்கு இடமே இல்லை. வெந்நீர்ப் பையைக் குழந்தையின் பக்கத்தில் வைப்பதும் அப்படித்தான், தோல் வெந்துபோகும்.

குழந்தைத் துணி விஷயத்தில் பாட்டிமார்களின் பயமும் மருத்துவமும் எதிர்பாராமல் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. புதுத் துணி வாங்கக் கூடாது என்றால், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளலாமல்லவா? நூறு முறை துவைத்து நைந்த மல் வேட்டியில் கஞ்சி இல்லை, சாயம் இல்லை, கூர்மையான தையல் இல்லை. ஈரத்தை உடனே உறிஞ்சும். கடையிலிருந்து வந்த பளபளப்பான உடுப்பைத் துவைக்காமல் போட்டால் சிசுவின் தோல் சிவந்துபோகும். "பாட்டி, புதுசு எதுவும் வாங்கல, தாத்தா வேட்டியத்தான் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன்" என்று சொல்லுகிற பேத்தியிடம் எந்தப் பாட்டியும் குற்றம் காணமாட்டாள். முன்பக்கம் நாடாவால் முடிச்சுப் போடுகிற ஜப்லா இரண்டு மூன்று, காலுறை, துண்டு, ஒரு சிறிய கம்பளிப் போர்வை ஆகியவற்றைப் பக்கத்து வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ வளர்ந்துவிட்ட குழந்தையுடையதாக வாங்கிக்கொள்வதிலும் தோஷமில்லை. ஆனால் கம்பளி நேரே தோலின்மேல் படக் கூடாது. உள்ளே பருத்தி, வெளியே கம்பளி.

எண்ணிக்கையில்தான் மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வேற்றுமை. மேட்டுப்பாளையத்தில் காலையில் அலசிப் போட்ட துணி மத்தியானம் மடிக்கத் தயாராகிவிடும். ஆடி மாதத்து ஊட்டியில் அதே துணி மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் தொட்டால் சில்லென்றிருக்கும். மேகமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது துணி எங்கே காய்வது? சமவெளித் தாய் ஒரு டஜன் இடுப்புத் துணியோடு சமாளித்துவிடுவாள். இங்கே இரண்டு டஜனும் போதாமற் போகலாம். அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுப்பது இங்குள்ள வீடுகளில் நடப்பதே. ஆஸ்பத்திரியில் அந்த வசதி இராது என்பதால், அங்கே இருக்கும் நாட்களுக்கு மட்டும் கடையில் கிடைக்கும் டயப்பரை வாங்கி வைத்துக்கொள்வதில் ஆட்சேபணைக்கு இடமில்லை. ஈரத்துணியைப் போட்டு வருகிற குளிரைவிட அது எவ்வளவோ மேல்.

குழந்தைக்கு எல்லாம் எடுத்து வைத்த குடும்பங்கள் தாயை மறந்துவிடுகின்றன. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு சில நாள் அதிகமாயிருக்கும். அதற்குப் பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட்டாவது வேண்டும். கறை படிந்தால் கவலைப்படாத அடர்நிறப் பாவாடைகள், உள்ளாடைகள், கால் நழுவாத ரப்பர்ச் செருப்பு, முழங்கால்வரை வருகிற காலுறை, காதை மூடுகிற ஸ்கார்ப், சீப்பு, பல் துலக்கும் சாமான், சோப்பு. பிறகு ஒரு நல்ல பிளாஸ்க். இந்தப் பிளாஸ்க்கிலும் மலைக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் அது 100 டிகிரியை எட்டாமல் 92, 93-லேயே குமிழியிடும். ஆகவே குடிக்கிற தண்ணீரைக் கொதி வந்ததும் இறக்கிவிடாமல், மூன்று நிமிஷமாவது கொதிக்கவிட்டு ஊற்றிக்கொள்ள வேண்டும்.

துணைக்குப் போகிறவளுக்குத் தனிப் பை வேண்டும் என்பது என் திடமான கருத்து. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கும் ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது. கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் வலியின் காலமும் குறைகிறது, பயமும் குறைகிறது என்பது பல தேசங்களில் கண்டறிந்த உண்மை. அந்தத் துணைப்பெண் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள தாயாகவோ, அத்தையாகவோ, மூத்த அக்காவாகவோ இருக்கிறாள். இரவெல்லாம் விழித்திருக்கிற அவளுக்கு ஒரு கம்பளி, பாய், மாற்றுப் புடவை, பிஸ்கட், அவள் வழக்கமாகச் சாப்பிடுகிற இரத்தக்கொதிப்பு மாத்திரை ஆகியவை இல்லாமற் போனால், மூன்றாம் நாள் கவனிக்க வேண்டிய நோயாளிகள் இரண்டு பேராகிவிடுவார்கள்.

காகிதங்களைக் கடைசியாகச் சொன்னாலும் கட்டும்போது முதலில் வைக்க வேண்டும். கர்ப்பம் பதிவான நாளிலிருந்து கிராம சுகாதாரச் செவிலியர் குறித்து வருகிற தாய்-சேய் அட்டை, அதிலுள்ள பன்னிரண்டு இலக்கப் பதிவு எண், இரத்த வகை எழுதிய சீட்டு, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம். பிக்மி நம்பர் என்று எல்லோரும் சொல்கிற அந்த எண்ணைப் பிரசவ வார்டிலும் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள், உதவித்தொகைக்கும் கேட்பார்கள். அட்டையைத் தோட்டத்து மழையிலிருந்து காப்பாற்ற ஒரு பிளாஸ்டிக் உறை. எண்ணைக் கைப்பேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெண்களின் தேதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற செவிலியர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலுமே நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். "தொப்பி எடுத்து வெச்சியா கண்ணு? அட்டை எங்க, காட்டு பார்க்கலாம்" என்று வாசலில் நின்று கேட்கிற அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவாவது பையைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் பையில் இன்னொரு காகிதமும் சேர வேண்டும்: வேலை செய்த நாட்களின் கணக்கு. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குழந்தைகள் காப்பகத்தையும் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. 1961-இல் வந்த மகப்பேறு நலச் சட்டம் தோட்டங்களையும் உள்ளடக்கி, சம்பளத்தோடு 12 வார விடுப்பை உறுதி செய்தது. 2017-இல் வந்த திருத்தம் அதை முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம் விதித்த நிபந்தனை. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காக எழுந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், பெரிய கம்பெனித் தோட்டங்களிலும் இந்தக் கணக்கு ஏட்டில் ஏறிவிடும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகளிடம் கூலிக்குப் போகிறவளுக்கோ ஏடும் இல்லை, விடுப்பும் இல்லை. பிரசவத்துக்கு முந்திய நாள்வரை முதுகில் கூடை சுமக்கிறவள் எப்போது பை கட்டுவது?

அப்படிப்பட்டவர்களை நினைத்தே சர்க்கார் பெட்டகங்கள் தோன்றின என்று சொல்லலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 2015-இல் தொடங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடுப்பு, மெத்தை, கொசுவலை, இடுப்புத் துணி, எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை, தாய் கை கழுவும் திரவம், அவள் குளிக்கச் சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம், இவற்றை வைக்கும் பை என்று பதினாறு பொருள்கள் இருந்தன. அந்த லேகியத்தைச் சேர்த்தவர் எவராயினும் அவர் ஒரு நல்ல பாட்டியின் கையால் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். பின்லாந்து தேசத்தில் இத்தகைய பெட்டி 1938-லிருந்து ஏழைத் தாய்மார்களுக்கும், 1949-லிருந்து சகல தாய்மார்களுக்கும் கொடுக்கப்படுகிறது. குளிர்நாட்டுக் குழந்தைக்கு வேண்டிய கதகதப்பான உடுப்புகள் அதில் நிறைய இருக்கும், காலிப் பெட்டியே முதல் தொட்டிலாகவும் பயன்படும். நாலாம் மாதம் முடியுமுன் வைத்தியரைப் பார்த்திருந்தால்தான் அந்தப் பெட்டி கிடைக்கும் என்பது அங்கே நிபந்தனை. நம்முடைய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியிலும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிற அதே யுக்தி இருக்கிறது. 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்த உதவியில், பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து மருந்தும் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. இருந்தாலும், பிறந்த பிறகு கையில் தரப்படுகிற எந்தப் பெட்டகமும், பிறக்கிற அந்த நிமிஷத்துக்கு வேண்டிய துணிக்கு ஈடாகாது. மலையை மனத்தில் வைத்துத் தயாரித்திருந்தால் கொசுவலையின் இடத்தில் ஒரு கம்பளித் தொப்பி இருந்திருக்கும்.

பையில் வைக்கக் கூடாதவை சில உண்டு. வைக்கிறவர்கள் அன்பினாலேயே வைப்பதால் சொல்லச் சற்றுத் தயக்கமாயிருக்கிறது. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நாக்கில் தொட்டு வைக்கிற சேனைக்கென்று சர்க்கரையோ தேனோ வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டிய சீம்பாலே அந்தக் குழந்தைக்கு உணவும் மருந்துமாகும், தேனிலோ சிசுவுக்கு ஆபத்தான கிருமி இருக்கக்கூடும். பால் புட்டி வேண்டாம். வசம்பை உரைத்துக் கொடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தீட்டக் கண்மை வேண்டாம். தாயின் நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிப் பெண்களின் நிலைமை வேறு. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய சமூகத்தினருக்காக 1990-இல் அங்கே அஸ்வினி என்னும் அமைப்பு ஆதிவாசி மருத்துவமனை ஒன்றை ஆரம்பித்தது. அந்தச் சமூகங்களின் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்று அதில் பணி செய்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றாலே அஞ்சி ஒதுங்கிய ஒருத்திக்குத் தன் பாஷையில் பேசுகிற செவிலி கிடைத்துவிட்டால், அவள் பையே இல்லாமல் வந்தாலும் பாதகமில்லை. வந்துவிட்டாளே, அது போதும். இம்மக்களிடையே அரிவாள் வடிவ இரத்த அணு நோய் அதிகம். குளிரும் உடம்பில் நீர் வற்றுவதும் அந்நோயின் கடும் வலியைக் கிளப்பிவிடும் என்பதால், அந்த நோயுள்ள தாய்க்குக் கம்பளியும் வெந்நீரும் மருந்துக்குச் சமானம். நோயின் விவரம் எழுதிய அட்டையும் அவள் கையில் இருந்தாக வேண்டும்.

தோடர்களிடையே வளைகாப்புக்கு நிகரான ஒரு சடங்கு இருக்கிறது. ஏழாம் மாதத்தில், மரத்தடியில் விளக்கு வைத்து, காட்டுக் குச்சியால் செய்த சிறிய வில்லையும் அம்பையும் கணவன் மனைவி கையில் கொடுக்கிறான். பிறக்கப் போகிற குழந்தைக்குத் தந்தை இன்னார் என்பது அதனால் ஊரறிய ஸ்தாபிதமாகிறது. ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட தம் நூலில் அதை விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். ஏழாம் மாதத்தில் உறவினரெல்லாம் கூடுகிற இந்தச் சடங்கும், சமவெளி வழக்கத்து வளைகாப்பும், பை கட்டுவதற்கு நல்ல வேளைகள். எந்த வண்டியைக் கூப்பிடுவது, ஓட்டுநர் யார், இரத்தம் வேண்டியிருந்தால் அதே வகையினர் குடும்பத்தில் யார், மூத்த குழந்தையை யார் வீட்டில் விடுவது என்பவற்றை அன்றைக்கே பேசி முடித்துவிடலாம்.

எப்போது கிளம்புவது என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நீர்க்குடம் உடைந்தாலும், இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் வலிக்குக் காத்திராமல் புறப்பட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. முன்பு அறுவைச் சிகிச்சை நடந்தவர்கள், இரட்டைக் கர்ப்பம், இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், தூரத்துத் தோட்டங்களிலும் காட்டோரத்திலும் இருக்கிறவர்கள் ஆகியோர் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்கு அருகில் வந்து தங்கிவிடுவது உசிதம். பழங்குடிப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே காத்திருப்பு அறைகளை அரசு அமைத்திருக்கிறது. அப்படித் தங்குகிறவளின் பையில் கூடுதலாக ஒரு வாரத்துத் துணியும், பொழுது போக்க ஏதாவதொன்றும் சேர்ந்தால் நல்லது. கூடவே வருகிறவளுக்கும் அதே கணக்கு.

சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளிலும், அறுவைச் சிகிச்சையானால் ஏறக்குறைய ஒரு வாரத்திலும் வீட்டுக்கு அனுப்புவார்கள். 2011 ஜூனில் மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவமும் மருந்தும் சாப்பாடும் இலவசம். வீட்டில் கொண்டுவந்து விடுகிற வண்டியும் இலவசம். அந்தத் திரும்பு பிரயாணத்தில் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டியில் நாலு சுற்றாகப் போர்த்திய குழந்தை, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது வியர்த்துத் திணறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். மார்பிலும் பாதத்திலும் கை வைத்துப் பார்த்து, மார்பும் பாதமும் கதகதப்பாயிருந்தால் சரி. மார்பு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் இன்னொரு துணி வேண்டும். இரண்டும் சில்லென்றிருந்தால் அடுத்த ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்த வேண்டும்.

பிறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே செய்துவிடுவார்கள். தாய் தந்தை பெயர்களின் எழுத்துகளையும் விலாசத்தையும் ஆதாரில் உள்ளபடி ஒரு சீட்டில் எழுதிக் காகித உறைக்குள் வைத்திருந்தால் பின்னால் திருத்தத்துக்கு அலைய வேண்டியதில்லை. குழந்தைக்கு இன்னும் பெயர் தீர்மானமாகவில்லை என்றாலும் பதிவு நிற்காது. ஓர் ஆண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுவரை சிறு கட்டணத்தோடும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.